மூன்றாம் தேதி மட்டும் சரி

இன்று காலையில் உங்கள் கீபோர்டைக் கவிழ்த்து வைத்து நாலு தட்டுத் தட்டினேன். கீழே விரித்திருந்த பேப்பரில் பீடித்தூள் உதிர்ந்தது. கூட்டி எடுத்தால் ஒரு பீடி சுற்றலாம் போலிருந்தது. இப்போதெல்லாம் நான் அந்த அறையில் உட்கார்ந்து சுற்றுவதில்லை. இது நீங்கள் இருந்தபோது உதிர்ந்த தூள்.

"எம் மிஷினுக்கு இருமல் வந்துட்டுளா" என்று மாதத்துக்கு ஒரு தடவை இதையே செய்வீர்கள். தட்டிவிட்டு, அந்தத் தூளைப் பேப்பரோடு மடித்து, நான் இலையும் தூளும் வைத்துச் சுற்றுகிற சுளகில் கொட்டுவீர்கள். நானும் பேப்பரை மடித்துக்கொண்டு கொட்டப் போனேன். சுளகை எங்கே வைத்தேன் என்று ஞாபகம் வரவில்லை. கையில் தூளோடு அப்படியே நின்றேன். அந்த வாசனை விரலில் ஏறிவிட்டது. இன்னும் போகவில்லை.

இத்தா முடிந்து மூன்று நாள் ஆகிறது மச்சான். உங்களை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இருந்துவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்தேன்; இன்றுதான் கை வந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும். தப்பு இருந்தால் கண்டுபிடிக்கிற வேலை உங்களுடையது.

மேலப்பாளையத்தில் மற்ற வீடுகளில் பெண்கள் நாலு பேராக உட்கார்ந்து பேசிக்கொண்டே பீடி சுற்றுவார்கள். பிள்ளை இல்லாத நம் வீட்டில் நான் ஒருத்திதான். என் தலைக்கு மேல் உங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மேசையில், நான் மேசைக் காலடியில். பகலெல்லாம் பஜார் கடையில் ஊரார் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துவிட்டு, சாயங்காலம் அஸர் தொழுது வீட்டுக்கு வந்து உங்களுடையதைத் திறப்பீர்கள். அதில் நீங்கள் எழுதியது பாஸ்கல். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற பாஷைகளில் அது பழையது என்று எனக்கும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லித்தானே உங்களைக் கேலி செய்தார்கள். "ஏன்வே, இன்னுமா பாஸ்கல்? எல்லாவனும் எங்கேயோ போயிட்டான்" என்று ஒருவர் கேட்டதற்கு, "போனவன் வழி தவறித் திரும்புனா கேக்க ஆள் வேணும்லா, அதுக்குத்தான் இங்கன நிக்கேன்" என்று சொன்னதாக வந்து சொன்னீர்கள். சொல்லிவிட்டு நீங்களே சிரித்துக்கொண்டீர்கள்.

எழுதியது ஓடவில்லை என்றால் எனக்கு வாசித்துக் காட்டுவீர்கள். ஒவ்வொரு வரியாக, இந்த வரி என்ன செய்யும், அடுத்தது என்ன செய்யும் என்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவீர்கள். கல்யாணமான புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. படிக்காதவளிடம் போய் எதற்கு இதையெல்லாம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சவங்கிட்ட சொன்னா பாதியிலயே தலையாட்டிருவான். நீ ஆட்ட மாட்ட" என்றீர்கள்.

ஆட்டியதில்லைதான். புரியாவிட்டால் என் கை நின்றுவிடும். பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் நின்றால் நீங்களும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிற புரோகிராம் எழுதினீர்களே, கடைசி மணி மட்டும் அடிக்காமல் இரண்டு நாள் படுத்தியதே, அது ஞாபகம் இருக்கிறதா? "ஒண்ணுலருந்து ஆரம்பி, எட்டை விடக் கொறச்சலா இருக்கிற வரைக்கும் அடி" என்று வாசித்தீர்கள். என் கை நின்றது. "அப்போ எட்டாவது மணிக்கு அந்தப் பிள்ளைக வீட்டுக்குப் போகாதா?" என்றேன். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்கள். எட்டைச் சேர்த்துக்கொள் என்று ஒரு குறி போட்டீர்கள். மணி அடித்தது.

என்னாலும் ஆகாத நாளில் உங்கள் கூட்டாளிகளிடம் போவீர்கள். உலகம் முழுக்கப் பாஸ்கல் எழுதுகிறவர்கள் கூடுகிற இன்டர்நெட் பக்கம் அது. யார் என்ன கேட்டாலும் அங்கே யாராவது பதில் சொல்வார்கள். பூனைப் படம் போட்ட ஹாலந்துக்காரர் ஒருவரை நீங்கள் 'ஹாலந்து அண்ணாச்சி' என்பீர்கள். அவரை நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஆனால் நம் வீட்டில் அவர் பேச்சு நடக்காத வாரம் கிடையாது. எதைக் கேட்டாலும் அவர் முதலில் மூன்று கேள்வி கேட்பாராம். என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது. அந்த மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதும்போதே பாதித் தப்பு தெரிந்துவிடும் என்பீர்கள்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டவரே திரும்பி வந்து, தன் கேள்வியின் தலைப்பில் 'சரியாகிவிட்டது' என்று போட வேண்டும். நிறையப் பேர் வேலை முடிந்ததும் போய்விடுவார்களாம். நீங்கள் ஒன்றைக்கூட அப்படி விட்டதில்லை. "போட்டாத்தானளா பின்னால வாறவனுக்கு வழி தெரியும்" என்பீர்கள். சோறு ஆறிப்போகும், அதைப் போட்டுவிட்டுத்தான் எழுந்து வருவீர்கள்.

ஒரே ஒன்றை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

நோன்பு பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் பள்ளிவாசல் கம்ப்யூட்டர் செத்துப்போனது. உங்கள் புரோகிராம் அதில்தான் ஆறு வருடமாக ஓடியது. தேதியைப் பார்த்து, சூரியக் கணக்குப் போட்டு, ஐந்து வேளை நேரத்தையும் சுவரில் இருக்கிற சிவப்பு எழுத்துப் பலகைக்கு அனுப்பும். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரர், தான் கொண்டுவந்த கம்ப்யூட்டரைப் பள்ளிக்குக் கொடுத்தார். நீங்கள் அதில் புரோகிராமை ஏற்றிப் பள்ளியில் வைத்தீர்கள். மார்ச் முதல் தேதி நேரம் தப்பு. இரண்டாம் தேதியும் தப்பு. பலகையைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டு அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தீர்கள். மூன்றாம் தேதி பார்த்தால் ஐந்து வேளையும் சரி.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் முகம்தான் கறுத்துப்போனது.

"ஒரு எழுத்துகூட நான் மாத்தலளா. தப்பா வந்தாப் புடிச்சிரலாம். தானாச் சரியாயிட்டுன்னா உள்ள என்னமோ ஒளிஞ்சிருக்கு."

அன்று அஸருக்குப் பிறகு அந்தக் கூட்டாளிகள் கூடுகிற பக்கத்தில் கேள்வியைப் போட்டீர்கள். நேற்று தப்பு, இன்று சரி, நான் எதையும் தொடவில்லை என்று.

அதற்கு முந்தின நாள் காலையில் நெஞ்சில் ஒரு பிடி பிடித்தது என்று சொன்னீர்கள் மச்சான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள். நான் பதறி வந்தபோது கையை ஆட்டினீர்கள். வாயுவாக இருக்கும், விடியுமுன் சாப்பிட்ட ஸஹர் சோறு செரிக்கவில்லை என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தீர்கள். "தானாச் சரியாயிட்டுளா" என்றீர்கள். நான் போய்ச் சுளகை எடுத்துக்கொண்டேன். என் கை நிற்கவில்லை.

நாலாம் தேதி, அஸர் தொழுதுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தீர்கள். ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நிற்கும்போது வெளியே எங்கேயோ பாங்கு சொன்னார்கள். நோன்பு திறக்க யாரோ ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார்கள். நீங்கள் உள்ளே இருந்தீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அதைப் பாதியாகப் பிய்த்து வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது மேசையில் உங்கள் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கூடப்பிறந்த மூத்தவள், லாத்தா வந்து எனக்குத் துணையாக இருந்துவிட்டாள். அவளும் பீடி சுற்றுகிறவள்தான். வாய் என்னைவிடப் பெரியது. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் வந்து, வாசலுக்கு வெளியே நின்றபடி திரைக்கு அந்தப்பக்கமிருந்து பேசினார். கம்ப்யூட்டரை எடுத்துப் போகட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பலகையைக் கழற்றிவிட்டுக் கடையில் ஆயத்தமாக விற்கிறதை வாங்கி மாட்டலாம் என்று ஜமாஅத்தில் பேச்சு நடக்கிறதாம். குற்றம் சொல்ல முடியாது. நோன்பு திறக்கிற நேரத்தை நம்பி ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பலகை இறங்கினால், ஆறு வருடம் சரியாகக் காட்டியது போய், கடைசியில் தப்பாகக் காட்டியது என்றுதானே உங்களைப் பற்றி ஒரு பேச்சு நிற்கும்? ஐந்து நாள் பொறுக்கச் சொன்னேன். யார் சரி செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. 

உங்கள் மிஷினில் அந்தப் பக்கம் திறந்தேதான் இருந்தது. நீங்கள் கேட்டதற்குக் கீழே நாலைந்து பதில்கள். ஃபோனைக் காட்டினால் அது தமிழில் சொல்லும் என்பதை நீங்கள்தானே பழக்கினீர்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: எந்தெந்தத் தேதியில் தப்பு, எவ்வளவு தப்பு? அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டிருந்தார். கடைசியில், 'நண்பரே, நீங்கள் இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருப்பவர் இல்லையே' என்று எழுதியிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. ஆனாலும் இத்தாவில் இருக்கிறவள் அந்நிய ஆண்களுக்கு எழுதலாமா என்று கூச்சம். லாத்தாவிடம் கேட்டேன்.

"அவுக மொகத்த நீ பாத்தியா?"

"இல்ல. பூனைப் படம்தான் வச்சிருக்காரு."

"பூனைகிட்டப் பேசுறதுல என்னளா குத்தம்? எழுது."

ஃபோனில் தமிழில் சொன்னேன், அது இங்கிலீஷ் ஆக்கியது. பார்த்துப் பார்த்து அடித்தேன். இதைக் கேட்டவர் மவுத்தாகிவிட்டார், நான் அவர் மனைவி, அவர் கேள்வி பாதியில் நிற்கிறது, எனக்குப் படிப்பு இல்லை, கேட்டால் பார்த்துச் சொல்வேன். இவ்வளவுதான் எழுதினேன்.

மறுநாள்தான் பதில் வந்தது.  அண்ணாச்சி கேட்டிருந்தார்: 'உங்கள் கணவர் பல கேள்விகளில் "என் மனைவி ஒன்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை" என்று எழுதுவார். அந்த மனைவி நீங்கள்தானா? அப்படியானால் படிப்பு இல்லை என்று சொல்லாதீர்கள்.'

இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே மச்சான். வாசித்துக் காட்டிய இத்தனை வருடத்தில் இந்த ஒரு வரியை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டீர்களே.

லாத்தாவை நோன்பு அட்டவணைத் தாளோடு பக்கத்தில் உட்கார வைத்தேன். பள்ளி மிஷினில் நான் ஒவ்வொரு தேதியாக அடித்தேன், அது காட்டுகிற நேரத்தைச் சொன்னேன், அவள் தாளில் பார்த்துச் சரி, தப்பு என்றாள். முதல் தேதி தப்பு. இரண்டு தப்பு. மூன்று சரி. நாலில் அந்தி மஃரிபு ஒத்துப்போனது, விடிகாலை சுபுஹு ஒத்துப்போகவில்லை. பதினொன்றாம் தேதிக்கு மஃரிபு அரை மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றது. "யா அல்லாஹ், இதை நம்பி நோன்பு திறந்தா என்ன ஆவுறது" என்று லாத்தா தாளைக் கீழே வைத்துவிட்டாள். பதிமூன்று அடித்தால் மிஷின் நேரமே காட்டவில்லை. இது தேதியே இல்லை என்று சிவப்பாக ஒரு கட்டம் போட்டது. பதினாலுக்கும் அதுவே.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அடுத்த மாதத்தையும் இதே மாதிரி பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. சுவர்க் காலண்டரில் இருந்த தொழுகை நேரத்தை வைத்துப் பார்த்தோம். ஏப்ரலில் நாலாம் தேதி மட்டும் சரி.

என் கை நின்றது. மூன்றாவது மாதத்தில் மூன்று. நாலாவது மாதத்தில் நாலு. பன்னிரண்டுக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மாதம் ஏது? நாம் தேதியை முதலில் சொல்கிறோம், இது அதை மாதம் என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காக்காரர் நமக்குக் கொண்டுவந்த மாத்திரை டப்பாவிலும் மாதம் முன்னால்தான் போட்டிருந்தது. காலாவதியாகிவிட்டது என்று நான் குப்பையில் போடப்போய், நீங்கள் பிடுங்கிக்கொண்டு திட்டினீர்களே. இந்த மிஷினும் அந்த ஊர்க்காரர் கொண்டுவந்தது என்று எழுதினேன். நான் அனுப்புவதற்குள் அண்ணாச்சியும் அதையேதான் கேட்டு எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன.

உங்கள் புரோகிராமில் தப்பு இல்லை மச்சான். ஒரு எழுத்துகூட நீங்கள் மாற்றவில்லை என்றது உண்மைதான். அது போய் உட்கார்ந்த வீடுதான் வேறு.

தேதி முதலில், மாதம் பிறகு என்று மிஷினுக்குச் சொல்ல ஒரே ஒரு வரி. அண்ணாச்சி அனுப்பினார். அதையும் ஃபோன் தமிழாக்கிவிட்டது. 'தொடங்கு' என்ற வரிக்குக் கீழே இதைப் போடு என்று காட்டியது. பாஸ்கல் தமிழ் பேசி நான் எங்கே பார்த்தேன்? ஃபோனை வைத்துவிட்டு நேரே பக்கத்தைப் பார்த்ததும்தான் தெரிந்த முகமாக 'பிகின்' நின்றது. அதற்குக் கீழே எழுத்தெழுத்தாக அடித்தேன். கடைசியில் அரைப்புள்ளி. அதை விட்டால் நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியாதா? புரோகிராமை ஓட விடுகிற எஃப் ஒன்பதை அமுக்கினேன். பதிமூன்றாம் தேதி அடித்தேன்.

"சரி" என்றாள் லாத்தா. முப்பது வரைக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒருகட்டத்தில் இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தோம்.

மோதினார் வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போனார். கடைசிப் பத்து நோன்புக்கும் உங்கள் பலகைதான் நேரம் காட்டியது. இத்தா முடிந்த அன்று மஃரிபு நேரத்தில் லாத்தா என்னைத் தெருவழியே கூட்டிப் போனாள். பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். நேரம் மாறியது, பாங்கு சொன்னார்கள். அவ்வளவுதான். அங்கே தொழ வந்தவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாக ஓடுகிறதை யார் பார்ப்பார்கள்?

ஆனால் உங்கள் கேள்வியின் தலைப்பில் 'சரியாகிவிட்டது' என்ற அந்தச் சொல்லை நான் போடவில்லை. நாலு மாதமாகப் போடவில்லை. போட்டுவிட்டால் அதை யாரும் திறக்க மாட்டார்கள் அல்லவா? வெள்ளிக்கிழமை தோறும் அண்ணாச்சி வந்து கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு வரி எழுதுவார். பிரேசில்காரர் ஒருவர் தங்கள் ஊர் மழையைப் பற்றி எழுதுவார். எல்லாம் உங்கள் பேருக்குக் கீழே. உலகத்தில் ஒரு இடத்திலாவது உங்களுக்குப் பதில் வந்துகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது நீங்கள் ஒத்துக்கொள்கிற காரியம் இல்லை என்று தெரியும்.

இன்று பகலில் லாத்தா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து நின்றாள். ஓடிப் போய்ப் பிடித்தேன். தலை சுற்றியதாம். கொஞ்சம் உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், எழுந்துவிட்டாள். "ஒண்ணுமில்லளா, தானாச் சரியாயிட்டு" என்றாள்.

கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தேன்.

"இரு லாத்தா. என்ன செஞ்ச?"

"குடத்தத் தூக்குனேன். நான் என்ன ஒம் மாப்பிள மிஷினா, கேள்வி கேக்க?"

நான் சிரிக்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பைய ஒவ்வொன்றாகக் கேட்டேன். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, இதற்கு முன்னால் வந்ததா? இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவையாம். இரண்டு தடவையும் தானாகச் சரியாகிவிட்டதால் சொல்லவில்லையாம்.

புர்கா மாட்டச் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி முடிக்கிறேன்.

நான் என்ன செய்தேன்? நீங்கள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டேன். என்ன வரும் என்று நினைத்தேன்? முப்பது நாளும் நோன்பு திறக்கக் கஞ்சிக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த மூன்றையும் எழுதிவிட்டால் பாதி தெரிந்துவிடும் என்பீர்கள். தெரிந்துவிட்டது மச்சான். அதைச் சரி செய்யப் போடுகிற வரி எதுவும் கிடையாது. ஆனால் பின்னால் வருகிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பீர்களே, அது மட்டும் என் கையில் இருக்கிறது.

உங்கள் பழைய கேள்வி ஒன்றைத் திறந்து, தலைப்பில் நீங்கள் போட்டிருந்த அந்தச் சொல்லைப் பார்த்து, எழுத்தெழுத்தாக உங்கள் கடைசிக் கேள்வியின் தலையில் அடித்துவிட்டேன். அன்று ஓட ஓட விட்டுவிட்டுப் போன மிஷினை இன்று நானே அணைத்தேன். கீபோர்டில் தூள் இல்லை.

லாத்தா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். போய் வருகிறேன்.